மூடாத வட்டம்

தன் மகள் ரொஷானியின் கல்யாணத்துக்கு முன், உக்குவளைக் கிறிஸ்தவக் கோயிலின் ஓட்டு வளைவு, ஓடுகளாலேயே கட்டிய அந்த வளைகூரை, பத்திரமானதா என்று பொறியியலாளரான என்னைப் பார்க்கச் சொன்னார் லூசியா. கட்டிய கம்பெனியின் பழைய பதிவுகளை வரவழைத்தேன். கடைசிப் பதிவில் இப்படி இருந்தது: “ஓடு வந்து சேரவில்லை. நடு வட்டம் மூடாமலே வேலை நின்றது.”

கீழிருந்து பார்த்தால் நடுவிலும் ஓடுதான். மேசன் கிறிஷாந்த் கூரையில் ஏறினான். மழை கொட்டியது. நடு வட்டத்துக்கு நேர் கீழே லூசியா நின்றார், பக்கத்தில் நான்.

“அக்கா, நடுவுல ஓடே இல்லீங்க! ஒங்க வகிடு தெரியுது. மழ நேரா ஒங்க மேலதான் விழுகுது!”

“வெளையாடாதடா. எம்மேல ஒரு சொட்டும் படல,” என்றார் லூசியா அண்ணாந்து.



“அப்ப கல்யாணம்?” என்றேன்.

“இங்கதான், வேற எங்க?” லூசியா முக்காட்டை இழுத்துவிட்டார்.

மேலே கிறிஷாந்த் செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.