சப்பர மெட்டு

"சப்பரத்துக்கு வாசிக்கிற மெட்டு எங்கப்பா போட்டது!" என்றார் பாம்பூஃப்ளாட் ஊர் பேண்ட் மாஸ்டர் சிலுவைராஜ்.

"அரே, பக்வாஸ் பண்ணாதேயும் வே, எல்லாம் புளுகு! எங்க தாத்தா போட்டது" என்றார் டெலானிபூர் ஊர் பேண்ட் மாஸ்டர் வின்சென்ட்.

இந்த மெட்டால் இரண்டு குடும்பத்துக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. இந்தத் திருவிழாவில் அதை யார் வாசிப்பது? மியூசிக் டீச்சர் பெனிட்டா சொல்வதே தீர்ப்பு என்று இருவரும் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

பெனிட்டா லேப்டாப்பைத் திருப்பினாள். பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்று ஒலித்தது. அதே மெட்டு!

"இது அயர்லாந்துக்காரங்க ஆடுற பாட்டு. இந்த ரெக்கார்டுக்கு முன்னாடியே புத்தகத்துல அச்சாயிருக்கு. உங்க தாத்தாவெல்லாம் பிறக்கறதுக்கும் முன்னாடி."

சிலுவைராஜ் வின்சென்ட் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரா வின்சென்ட்? நம்மாளுங்க பிறக்கறதுக்கு முன்னாடியே அயர்லாந்துக்காரன் திருடியிருக்கான்!"

"சும்மா விடக்கூடாது வே! ரெண்டு பேண்டும் சேர்ந்தே வாசிப்போம். எவன் வந்து கேக்கான்னு பாத்துருவோம்!"

டீ போடும் சாக்கில் அடுக்களைக்குள் போன பெனிட்டா, சிலுவைராஜின் மகளுக்குப் போன் போட்டாள்.

"கிளாரா, உங்கப்பாவும் உன் வருங்கால மாமனாரும் ஒரே சோபாவுல உக்காந்து அயர்லாந்துக்காரனைத் திட்டிக்கிட்டிருக்காங்க. அந்தக் கோபம் ஆறறதுக்குள்ள ஆல்வினைக் கூட்டிக்கிட்டு ஓடி வா. ஞாயித்துக்கிழமை பூசையிலயே உங்க கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லிடலாம்!"