உப்புச் சட்டியோடு ஒரு போட்டோ

“ஏம்மா, ரெண்டே ரெண்டு மாசம் வீட்டோட படுத்துக் கெடக்க முடியலயா உங்களுக்கு?”

வக்கீல் நேசக்குமார் மேசைமேல் அந்தப் போட்டோவை விட்டெறிந்தார். கொளுத்துகிற வெயிலில், தலையில் உப்புச் சட்டியோடு, உப்பள வரப்பில் விறுவிறுவென்று நடந்து போகிறாள் தங்கத்தாய்.

அவள் மகன் செந்தூர்வேல், ஒரு அடிதடியில் ஆளைக் கொன்றுவிட்டுப் பதினோரு வருஷமாக ஜெயிலில் இருக்கிறான். தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் போட்ட மனுவில், ‘தாய் எழுந்து நடமாட முடியாத நோயாளி, பார்க்க ஆளில்லை’ என்று உருக்கமாக எழுதியிருந்தார் நேசக்குமார். விசாரிக்க வந்த அதிகாரி இந்தப் போட்டோவை எடுத்து அறிக்கையோடு சேர்த்துவிட்டார். மனு தள்ளுபடி.

“நடமாட முடியலன்னு நான் எப்போ சொன்னேன்? நீங்கதான எழுதுனிய.”

“கேஸுக்கு எழுதுறதும்மா அது! சரி, மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போவோம். ‘உப்பளத்துக்குச் சும்மா பாக்கப் போனேன், ஒரு கை சட்டியத் தூக்கிவிட்டேன்’னு கையெழுத்துப் போடுங்க.”

“பொய்க்குப் போட மாட்டேன்யா.”

“மவன் வெளிய வர வேண்டாமா?”

அவள் கண் கலங்கியது. தலை மட்டும் தாழவில்லை. “அவன் வருவான்னுதான் உயிரக் கையில புடிச்சிட்டு இருக்கேன்” என்றவள், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“நல்ல தாய்! வீம்புக்குப் பெத்த மவனையே காவு குடுக்கா” என்று குமாஸ்தாவிடம் எரிந்து விழுந்தார் நேசக்குமார்.

மறுநாள் அவரே உப்பளத்துக்குப் போனார். வருகை நோட்டில் அவள் பெயர் இல்லையென்றால், ‘வேலைக்குப் போகிறவளே இல்லை’ என்று வாதாடலாமே!

கங்காணி சுடலைமாடன் நோட்டைப் புரட்டினார். “தங்கத்தாயா? அப்படிப் பேரே கெடையாது.”

நேசக்குமாருக்கு வாயெல்லாம் பல். “அப்போ இந்தப் போட்டோவுல இருக்கது?”

“அது அவளேதான். ஆனா மாத்தாளுல்லா! இங்கன வேலை பாக்குற ஒரு பொம்பளைக்கு வயித்துல ஆப்பரேஷன். ஆள் நிக்கலன்னா இடம் போயிரும். அதான், அவ எந்திரிச்சு வார வரைக்கும் இவ நிக்கா. கூலியும் அவ வீட்டுக்குத்தான்.”

“யாரு அந்தப் பொம்பள? சொந்தமா?”

சுடலைமாடன் நோட்டில் விரலை வைத்துக் காட்டினார். இசக்கிச்செல்வி.

நேசக்குமாருக்கு மனப்பாடமான பெயர். செந்தூர்வேல் கேஸ் கட்டில், முதல் பக்கத்திலேயே இருக்கிற பெயர். செத்துப்போனவனின் மனைவி.

அன்று சாயங்காலமே தங்கத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இத ஒரு வரி எழுதுனாப் போதும், ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு!”

“அய்யய்யோ, அத எழுதிராதிய!” அவள் பதறிப்போனாள். “என் மவன் உள்ள இருந்தே பன்னெண்டாங் கிளாஸ் பாஸ் பண்ணுனான். பதினோரு வருசத்துல ஒருத்தர எதுத்து ஒரு சொல்லு பேசல. அத எழுதுங்க. அதுக்குக் குறைச்சா குறைக்கட்டும். அவளுக்குச் சுமந்தத கோர்ட்டுல காட்டி மவனக் கேட்டா, நான் அவளுக்கா சுமந்தேன்? எனக்குச் சுமந்ததா ஆயிரும்லா!”