தினமும் சொன்ன வாக்கியம்

ஜெர்மானிய மொழிகள் பட்ட வகுப்பில் முதல் வரிசைக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"தாத்தா, இந்த வயசுல டேனிஷ் எதுக்கு?" என்று பின்வரிசைப் பெண் வம்புக்கு இழுத்தாள்.

"ஒரு பொண்ணுகிட்ட பேசணும்மா."

வகுப்பே விசிலடித்தது.

"போன்ல ஆப் இருக்கே, அதுவே மொழிபெயர்த்துடுமே!"

"என் பொண்டாட்டி எங்கிட்ட சொல்றதை மூணாம் மனுஷன் எதுக்கும்மா சொல்லணும்?"



மறதி நோய் டென்மார்க்கைச் சேர்ந்த அவர் மனைவிக்கு விட்டுவைத்தது பிறந்த வீட்டு டேனிஷை மட்டும்தான். நாற்பது வருடம் அவரோடு சிரித்துச் சண்டை போட்ட மொழி அடியோடு போய்விட்டது. பராமரிப்பு இல்லத்தில் தினமும் மாலை சாப்பாடு ஊட்டி வாய் துடைத்துவிடுவார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு டேனிஷில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் புன்னகைப்பாள். அவரும் சும்மா தலையாட்டி வைப்பார்.

இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த அன்று புத்தகப் பையோடு நேராக அங்கே போனார். அவள் வழக்கம்போல் கையைப் பற்றிச் சொன்னாள். முதன்முறையாக ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"நீங்க ரொம்ப நல்லவரு. என் வீட்டுக்காரர் வரட்டும், உங்களைப் பத்திச் சொல்றேன்."

அவரும் டேனிஷிலேயே பதில் சொன்னார்.

"அவசியம் சொல்லுங்கம்மா. அடுத்த பஸ்ல வந்துடுவாராம்."