ஏரியின் முறை

ஆத்மநாதன் காலையில் வாய்க்கால் மடையைப் பார்த்த பின்னரே தேநீர் அருந்துவார். அந்த வாய்க்கால் போய்ச் சேரும், மீமிசலை அடுத்த உப்பேரி வற்றிக்கொண்டே வந்ததால், அவர் உட்பட ஆறு விவசாயிகள் ஆளுக்கொரு நாள் வாய்க்கால் நீரை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமையை ஏரிக்கு விட்டிருந்தனர். நீர் பெற்றவர், படித்தவரேயாயினும், ஆத்மநாதனின் நோட்டில் தம் கட்டத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். ஏரியின் கட்டம் மட்டும் வெறுமையாயிருக்கும்.

சென்ற சனிக்கிழமை, பக்கத்து வயல்காரரான ராஜா முகமது வந்து நின்றார்.

"கதிர் வெளிய வர்ற நேரம்ண்ணே. இன்னைக்கு மட்டும் இங்கிட்டுத் திருப்புங்க. ஏரி என்ன, வந்து கேக்கவா போகுது?"

ஆத்மநாதன் சிரித்தவாறே திருப்பிவிட்டார். ஏரியின் கட்டத்தில் ராஜா முகமதுவின் கைநாட்டு விழுந்தது.

ஞாயிறன்று பெட்டியின் பூட்டைத் திறந்து நோட்டை எடுத்தார். ராஜா முகமதுவுக்குரிய புதன்கிழமைக் கட்டத்தில், முன்கூட்டியே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அது மையன்று, உப்பு. துடைத்தார். திங்களன்று அது மீண்டும் இருந்தது. தமக்குரிய செவ்வாய்க்கிழமைக் கட்டத்திலும் அதே ரேகை, ஈரம் காயாமல் இருந்தது.

"யாரோ வெளையாடுறாங்கண்ணே," என்றார் ராஜா முகமது, தணிந்த குரலில்.

"சாவி என் இடுப்புலதான் இருக்கு, ராவுத்தரே."

செவ்வாய் விடிந்ததும் ஆத்மநாதன் தம் வயல் மடையை அடைத்து, ஏரி மடையைத் திறந்தார்.

"ஒங்க நெல்லு கருகிடுமேண்ணே?"

"கருகும். இன்னைக்கு என் முறைய ஏரிக்கு விட்டுட்டேன். நாளைக்கு ஒங்க முறை, நீங்க யோசிச்சுக்கங்க."