இடுப்புப் பட்டை

கூடத்தில் அவன் ஷூவோடு நடந்துகொண்டிருந்தான்.

அவள் கொள்ளு வறுப்பதை நிறுத்தவில்லை.

வாசற்படியைத் தாண்டிச் செருப்பு வரக்கூடாத வீடு அது. சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட வெளியே நிறுத்திக் கழற்றச் சொல்வான். இப்போது பூஜை அலமாரிக்கும் சோபாவுக்கும் இடையே போய்ப் போய் வருகிறான். மலைக்குப் போகுமுன் புது ஷூ காலுக்குப் பழக வேண்டுமாம். தெருவில் படாதவரை அது செருப்பே அல்ல என்று விளக்கமும் சொன்னான்.

ரத்தினசபாபதி. அவளுடைய கணவன். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் மேலாளர்.

சாப்பிட்ட தட்டைத் தூக்கிச் சமையலறையில் வைத்தறியாதவன், வேண்டியதையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு இமயத்தின் நெடும்பாதை ஒன்றில் ஒரு மாதம் நடக்கப் போகிறான்.

தனியாக. தன்னைத் தானே அறிய.

வாட்ஸப்பில் அப்படித்தான் எழுதியிருந்தான். நண்பர்கள் கைகூப்பியிருந்தார்கள்.

பயணத்துக்கான முதுகுப்பை வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் எடை வந்துவிட்டது. சமையலறைத் தராசு கூடத்துக்குக் குடிபோயிற்று. பல்துலக்கியின் காம்பை அறுத்தெறிந்தான். பனியன்களின் கழுத்துச் சீட்டுகளைக் கத்தரித்தான். சோப்பைப் பிளேடால் பாதியாக்கினான். வழிக்கு அவள் அரைக்கும் கொள்ளுப் பொடியில் உப்பைக் குறைத்தால் எடை குறையுமா என்று அவளைக் கேட்டான்.

தொப்பையை மட்டும் எந்தத் தட்டிலும் வைத்துப் பார்க்கவில்லை.

குளிர் தாங்குமா என்று அறிய, ஏசியைப் பதினாறில் வைத்து உறக்கப்பைக்குள் புகுந்தான். ஜிப் சிக்கிக்கொண்டது. அவள்தான் உரித்தெடுத்தாள்.

பையில் பொன்னி அரிசியை நிரப்பிக்கொண்டு மாடிப்படி ஏறினான். இறங்குவதற்கு லிஃப்ட். இறங்குவது பயிற்சியில் சேராதாம். மூன்றாம் மாடிச் சுலோச்சனா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, அண்ணன் ரேஷன் வாங்கிட்டு வர்றாருங்களா?"

அவள் சிரிக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டியதும் அவள்தான்.

உள்ளறையில் மாமா. அவனுடைய அப்பா. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர். நேரந்தவறாமல் அவரை ஒருக்களித்துப் புரட்ட வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும்.

சென்ற ஆவணியில் கல்லூரித் தோழிகள் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்தார்கள். மூன்றே நாள். அவன் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்டான், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று.

அவள் போகவில்லை. தோழிகள் அனுப்பிய படங்களைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினாள்.

இம்முறை அதே கேள்வியை அவள் கேட்டாள்.

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"அதான் நீ இருக்கறயே."

எரிச்சல்கூட இல்லாமல் சொன்னான். சுவிட்ச் எந்தப் பக்கம் என்று காட்டுவதுபோல.

நாளை ரயில்.

பை நிறைந்து சுவரோரம் நின்றது. பின்னாலிருந்து பார்த்தால் பட்டைகள் எப்படி அமர்கின்றன என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. தன் முதுகைத் தன்னால் பார்க்க இயலாது. அவளை அழைத்தான்.

அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பையை அவள் முதுகில் மாட்டிவிட்டான்.

தோள்பட்டையை இழுத்தான். நெஞ்சுப் பட்டையைப் பூட்டினான். இடுப்புப் பட்டையை இறுக்கினான். பாரம் தோளில் நிற்கக்கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும் என்றான்.

தினமும் அவனுடைய அப்பாவைத் தூக்கிப் புரட்டுகிறவளிடம் சொன்னான்.

பல வருடங்களுக்குப் பிறகு அவன் கை அவள் இடுப்பில் இருந்தது. கண் பட்டையின் கொக்கியில் இருந்தது.

அவள் அசையாமல் நின்றாள்.

பை கனக்கவே இல்லை.

ஒரு மாதத்துக்கு ஓர் ஆளுக்கு வேண்டியது இவ்வளவுதானா.

உள்ளிருந்து மாமா அழைத்தார்.

"அம்மிணி."

அவள் கால்கள் தாமாகத் திரும்பின. அறை வாசலில், பையின் குறுக்கே கட்டியிருந்த பாய்ச்சுருள் கதவு நிலையில் முட்டியது.

"பாத்து," என்றான் அவன். "பை கிழிஞ்சிரும்."

அவள் அங்கேயே நின்றாள்.

நிலையில் உரசாதபடி கவனமாகத் திரும்பினாள். கூடத்தைக் கடந்தாள். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள்.

எங்கே என்று கேட்டான்.

"நடந்து பாத்துட்டு வர்றனுங்க."

கொத்தமல்லி வாங்கப் போகிறவளைப்போலத்தான் சொன்னாள்.

பையோடு படிகளில் இறங்கினாள். கதவு திறந்தே கிடந்தது. மாமா மறுபடி அழைப்பது கேட்டது. சற்றுப் பொறுத்து, மறுபடியும்.

முதல் திருப்பத்தில் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

மேலே கூடத்தில் ஷூ நடந்துகொண்டிருந்தது.

பிறகு அந்தக் கோணிய வாய், நெடுநாளாக அழைத்திராத மகன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டத் தொடங்கியது.

"ச... பா... பதி."

ஷூ ஓசை நின்றது.

"சபாபதி."

அவள் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. காது கொடுத்தாள்.

ஷூ உள்ளறைப் பக்கம் போயிற்று. கட்டில் கிரீச்சிட்டது.

ஒரு பாரம் புரளும் ஓசை.

அதுவரை நின்றாள். பிறகு இறங்கினாள்.