அரை செகண்ட்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் முகுந்தன் நான்காவது முறையாகச் செய்து காட்டினான். பட்டனை அழுத்தியதும், இணையப் பக்கத்தில் இருந்த எழுதும் பெட்டி அழகாக மங்கி மறைந்தது.

"ரொம்ப ஸ்லோ தம்பி," என்றார், வேலையைக் கொடுத்திருந்த ரஞ்சனி.

"அரை செகண்ட்தான்க்கா! ஜாவாஸ்கிரிப்ட்ல ரெண்டு நாளா உட்கார்ந்து செஞ்சேன். பட்டுன்னு மறைஞ்சா அசிங்கமா இருக்கும் லா."

"இருக்கட்டும்."

முகுந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்குக்கா இவ்ளோ அவசரம்?"

ரஞ்சனி திரையில் இருந்த பெட்டியைக் காட்டினார். "அடிக்கிற புருஷனுக்குத் தெரியாம எங்ககிட்ட உதவி கேட்டு எழுதுறவங்களுக்கு. அவன் ரூமுக்குள்ள வர்ற சத்தம் கேட்டாதான் அந்த பட்டனை அழுத்துவாங்க."

முகுந்தன் இரண்டு நாள் வேலையையும் அழித்தான். இப்போது பெட்டி கண்ணிமைப்பதற்குள் மறைந்தது.

"இது போதும் தம்பி."

"இருங்கக்கா, இன்னும் வேகமா முடியுதான்னு பார்க்கிறேன்."