ஒரு பல் தப்பினால்

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறி போகும்போதெல்லாம் கராஜின் தகரக் கூரை அதிர்கிறது. ஜப்பான் வேன் எஞ்சின் பூட்டிய பழைய மொறிஸ் காருக்குள் குனிந்து, அந்தக் காலத்து மாதிரியிலேயே செய்வித்த ஸ்டியரிங் தண்டை ஜூட் மூன்றாம் முறையாக இறக்குகிறான். தண்டின் நுனியில் பொடிப் பற்கள், அது கவ்வும் இடத்திலும் அப்படியே. ஒரு பல் தப்பினாலும் கார் நேரே ஓட, ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். இம்முறையும் கோணல்தான். கார்ச் சொந்தக்காரர் நூஹு வெளியே முன்சில்லோரம் நிலைகொள்ளாமல் நின்று தெருவைப் பார்க்கிறார். அஸர் தொழுததும் மகன் இதில்தான் மாப்பிள்ளையாகப் போக வேண்டும்.

“அவன் உடுத்திட்டு நிக்கிறான் தம்பி. கோணினாக் கோணட்டும், பூட்டுங்க.”

“மாப்பிள்ளைட தலைப்பா கோணினா விடுவீங்களா நானா?”

ஜூட் தண்டை உருவிவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிறான். ஜாக்கியில் தூக்கிய முன்சில்லை இப்போது பிடித்து நிறுத்த எதுவுமில்லை. தெருவில் ஹோன் கேட்கிறது. நூஹுவின் செருப்புக்கால் பதற்றத்தில் சில்லை ஒரு தட்டுத் தட்டுகிறது. சில்லு மெல்லத் திரும்புகிறது.

“நானா, காலை எடுங்க.”

நூஹு திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடிக்கிறார். ஜூட் சில்லை நேராக்கித் தண்டை இறக்குகிறான். பற்கள் கவ்வுகின்றன. பள்ளியில் அஸர் பாங்கு தொடங்கும்போது வளையத்தின் குறுக்குக் கம்பி கிடையாக, துளியும் சரியாமல் நிற்கிறது. நூஹுவின் கால் இன்னும் இறங்கவில்லை.